பூப்பெய்தும் வயதும் பெண்ணின் உயரமும்: யாழ்ப்பாண வரலாற்றினூடாக ஒரு நோக்கு

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில், பூப்பெய்திய சிறுமி 'பெரியபிள்ளை'யாகிவிட்டாள் எனக் கூறப்படுகின்றாள். 'சாமத்தியப்பட்டாள்', 'பக்குவப்பட்டாள்', 'புத்தியறிந்தாள்' என்னும் தொடர்களும் நம்மிடையே வழங்கிவருவனவே. இவற்றுள் ஒன்று ஆற்றலையும், ஒன்று முதிர்ச்சியையும், ஒன்று அறிவையும் சுட்ட, 'பெரியபிள்ளை' என்பது மாத்திரம் உடலின் வளர்ச்சியைச் சுட்டி நிற்கின்றது. ஆயினும் இதே வீடுகளில், இதே பெண்களின் வாயில், இதற்கு மாறான இன்னொரு கூற்றும் வழங்கக் காண்கின்றோம். "பிள்ளை வெள்ளணப் பெரியபிள்ளையாகிவிட்டாள், இனி வளர்த்தி இல்லை, கட்டையாய்த்தான் நிற்கப்போகிறாள்" என்பதே அது. பூப்பு ஒரு பெண்ணைப் பெரியவளாக்குகின்றதா, அன்றி அவள் வளர்ச்சிக்கு முற்றுப்புள்ளி இடுகின்றதா? மருத்துவ பீடத்து நண்பர்களிடம் கேட்டால் ஐந்து நிமிடங்களில் விடை கூறிவிடுவர். ஆனால் அவ்விடையில் அடங்காத ஒரு வரலாறு இவ்வினாவின் பின்னால் உண்டு. பூப்பெய்தும் வயது எக்காலத்தும் எவ்விடத்தும் ஒரே தன்மைத்தாய் இருந்ததன்று. அவ்வயதைப் பற்றிய அச்சமும் எக்காலத்தும் ஒன்றாய் இருந்ததன்று. கலைப்பீட மாணவி ஒருத்தி இப்பொருளை எடுத்துக்கொள்வதற்கு அதுவே நியாயமாகும்.

நம் இலக்கியப் பயிற்சி காரணமாக, பெண்ணின் பருவம் என்றவுடன் பாட்டியல் நூல்களும் உலா இலக்கியங்களும் கூறும் ஏழு பருவங்களே முதலில் நினைவுக்கு வரும். பேதைக்கு ஐந்து முதல் ஏழு, பெதும்பைக்கு எட்டு முதல் பதினொன்று, மங்கைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று என அவ்வகுப்பு செல்லும். இதனைக் கொண்டு அக்காலத் தமிழ்ப் பெண்கள் பன்னிரண்டாம் வயதிற் பூப்பெய்தினர் என முடிவுகட்டுவோர் உளர். இது பொருந்துவதன்று. பாட்டியல் ஒரு புலமை மரபு; அது குடிமதிப்பு அன்று. வடமொழித் தரும நூல்கள் எட்டு வயதினளைக் கௌரி என்றும், ஒன்பது வயதினளை ரோகிணி என்றும், பத்து வயதினளைக் கன்னி என்றும், அதற்கு மேற்பட்டவளை ரஜஸ்வலை என்றும் வகுத்தமையும் இத்தகையதே. அங்கே வயது கூறப்படுவது உடலைக் கண்டறிந்தன்று. மணம் முடிக்கவேண்டிய அவசரத்தை உணர்த்துவதற்காகவே. அந்த அவசரம் பிராமணர் அல்லாத யாழ்ப்பாணச் சமூகத்தாரிடையே வேரூன்றவில்லை என்பது நோக்கற்பாலது. இங்கே பூப்பின் பின்னரே மணம். ஆதலின் பூப்பு மறைக்கப்படுவதற்குப் பதிலாக ஊரறியக் கொண்டாடப்பட்டது. தாய்மாமன் தேங்காய் உடைப்பதும், பாலும் அறுகும் தலையில் வைத்துத் தண்ணீர் வார்ப்பதும், ஆலாத்தி எடுப்பதும், வீட்டில் மணத்துக்குரிய பெண் ஒருத்தி உளள் என ஊருக்கு விடுக்கும் அறிவித்தலாகவும் அமைந்தன. அறிவித்தல் எவ்வளவு முந்துகின்றதோ அவ்வளவுக்குச் சீதனக் கவலையும் முந்தும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

வயதைப் பற்றிய 'விஞ்ஞான' விவாதம் ஐரோப்பாவிலிருந்தே வந்தது. அதுவும் ஒரு பிழையுடன் வந்தது. பிரெஞ்சு அரசியற் சிந்தனையாளராகிய மொன்ரெஸ்கியூ 1748இல் வெளியிட்ட தமது சட்டங்களின் தத்துவம் பற்றிய நூலில், வெப்பநாட்டுப் பெண்கள் எட்டு, ஒன்பது, பத்து வயதிலேயே மணத்துக்குரியோராகின்றனர் என எழுதினார். உடல் அறிவினும் முந்தி முதிர்வதால் அந்நாட்டுப் பெண்கள் அடிமைப்பட்டோராயினர் என்பது அவரது வாதம். சூரிய வெப்பம் கனியை விரைந்து பழுக்கவைப்பதுபோலப் பெண்ணையும் பழுக்கவைக்கும் என்ற இக்கருத்து நூறாண்டுகள் மருத்துவ நூல்களிலும் பிரயாண நூல்களிலும் எதிரொலித்தது. இதனை மறுத்தவர் மான்செஸ்ரர் நகரத்து அறுவை மருத்துவரான யோன் றொபேட்டன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அவர் இந்தியா, மேற்கிந்தியத் தீவுகள், பனிசூழ்ந்த லாபிறடோர் முதலிய இடங்களிலிருந்து மருத்துவர்களும் மிசனரிமாரும் அனுப்பிய தகவல்களைச் சேகரித்து, வெப்பமே காரணம் என்பதற்கு ஆதாரமில்லை எனக் காட்டினார். இந்தியாவில் நிகழும் இளவயது மணத்துக்குக் காரணம் சட்டமும் வழக்கமுமேயன்றிக் காலநிலையன்று என்பது அவர் கண்ட முடிவு. மாளிகைத் தத்துவவாதியைக் காட்டிலும் பிரசவ விடுதி மருத்துவர் உண்மைக்கு அணித்தாய் நின்றமை வியப்பன்று.

ஆனால் பிழையான கருத்துக்கள் எளிதில் இறப்பதில்லை; அவை சட்டப் புத்தகங்களுட் புகுந்து வாழ்கின்றன. இலங்கையின் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம், பெண்ணின் மிகக்குறைந்த மணவயதைப் பன்னிரண்டு என விதித்தது. அதே பிரிவு, அப்பெண் ஐரோப்பியர் அல்லது பறங்கியர் ஒருவரின் மகளாயின் பதினான்கு எனவும் விதித்தது! ஒரே தீவில், ஒரே வெயிலில் வளரும் இரு சிறுமியருக்கு இரு வயதுகள். மொன்ரெஸ்கியூவின் சூரியன் தோலின் நிறத்தை நோக்கி எறிக்கும் சூரியனாக இங்கே மாறிவிட்டது. இப்பிரிவு மாற்றப்பட்டு இரு பாலார்க்கும் பதினெட்டு என வயதெல்லை வகுக்கப்பட்டது 1995ஆம் ஆண்டிலேயே; அப்பொழுதும் முஸ்லிம் விவாகச் சட்டத்தின் கீழ் வருவோர் அதன் புறத்தே விடப்பட்டனர். இந்தியாவில் 1891இல் சம்மத வயது பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தப்பட்டபோது, எந்த வயதிற் பூப்பு நிகழ்கின்றது என்பதே பெரும் அரசியல் வழக்காயிற்று. பூப்பு நிகழ்ந்தவுடன் செய்யவேண்டிய சடங்கைச் சட்டம் தடுக்கின்றது என வைதிகர் வாதிட, மருத்துவர்கள் எண்களோடு அவைக்கு வந்தனர். சிறுமியின் உடல் அவளைத் தவிர ஏனையோர் அனைவரும் சாட்சி கூறும் வழக்காக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இக்கேள்வி வேறொரு வாயிலால் நுழைந்தது. அவ்வாயில் பள்ளிக்கூடம். 1816இல் இங்கு வந்த அமெரிக்க மிசனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினறியை நிறுவினர். அங்குக் கற்கும் இளைஞர்க்கு ஏற்ற கல்வியறிவுடைய மனைவியர் வேண்டும் என்ற எண்ணமும் ஒரு காரணமாக, 1824இல் உடுவிலிற் பெண்கள் விடுதிப் பாடசாலை தோன்றியது. அதனை நடத்திய ஹரியற் வின்சிலோ அம்மையார், பின்னர் தமிழ் - ஆங்கிலப் பேரகராதியை வெளியிட்ட மிறோன் வின்சிலோவின் துணைவியாவார். ஆசியாவின் முதலாவது பெண்கள் விடுதிப் பாடசாலை என உடுவில் போற்றப்படுவதுண்டு. அப்பெருமையினும் முக்கியமானது 'விடுதி' என்ற சொல். பகற் பள்ளிக்கு வரும் சிறுமி பெரியபிள்ளையானதும் வீட்டினுள் இருத்தப்படுவாள். அத்துடன் ஏடும் எழுத்தாணியும் முடிந்தன. விடுதியில் வதியும் சிறுமிக்கு அந்நாள் வந்தாலும், மறுநாள் வகுப்பும் வந்தது. பூப்புக்கும் படிப்புக்கும் இடையே இருந்த கயிற்றை அறுத்தது வேதாகமமா, விடுதியின் மதிலா என வினவின், மதிலே என்பேன். அப்பாடசாலையிற் கல்வியை நிறைவுசெய்து மணம்புரிந்தோர்க்கு மிசனே சீதனம் வழங்கிய காலமும் இருந்தது. பெற்றோரின் கணக்கைப் புரிந்துகொண்டு, அக்கணக்கின் மொழியிலேயே மிசனரிமார் பேசினர்.

உடலைப் பற்றிய அறிவும் அம்மிசனின் வழியே தமிழில் எழுதப்பட்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த சாமுவேல் பிஷ் கிறீன் 1852இல் 'அங்காதிபாதம்' என்ற நூலையும், 1857இற் 'பிரசவ வைத்தியம்' என்ற நூலையும் தமிழிற் கொணர்ந்தார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க முடியும் என்பதை அவரது மாணவர்கள் மெய்ப்பித்தனர். ஆயினும் அந்நூல்களைக் கற்றோர் ஆண்கள். பெண்களும் சிறுமியரும் தயக்கமின்றிச் செல்லத்தக்க மக்லியோட் மருத்துவமனை இணுவிலில் தோன்ற 1898 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சைவர் தரப்பிற் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரி மருதனார்மடத்தில் 1913இல் தோன்றியதும், 1945இல் இலவசக் கல்வி வந்ததும் பின்னைய கதை. பெரியபிள்ளையான பின்னரும் பள்ளிக்குச் செல்வது யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இயல்பான செயலாக மாறச் சற்றேறக்குறைய நூற்றிருபது ஆண்டுகள் பிடித்தன.

இனி, வயதுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நோர்வே முதலிய வடஐரோப்பிய நாடுகளிற் பெண்கள் சராசரியாகப் பதினாறு, பதினேழு வயதிற் பூப்பெய்தினர் என்பதும், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது பதின்மூன்றை அணுகிற்று என்பதும் ஜேம்ஸ் ரானர் என்ற ஆங்கில அறிஞரின் ஆய்வுகளால் பரவலாக அறியப்பட்டவை. பழைய எண்கள் சற்று மிகைப்பட்டவை எனப் பின்வந்தோர் திருத்தினர். வயது இறங்கியது என்பதை எவரும் மறுத்திலர். வெயில் அதிகரித்தமையால் அது இறங்கவில்லை. பாலும் இறைச்சியும் கிடைத்தன, நோய்கள் குறைந்தன, சிறுவர் ஆலை வேலையினின்று விடுபட்டனர். நமது தீவும் இவ்வாய்வில் இடம்பெற்றது. வில்சன், சதர்லாந்து என்ற இருவர் 1950இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், கொழும்பு நகரச் சிறுமியர் இலங்கைக் கிராமப்புறச் சிறுமியரைவிட ஓராண்டுக்கும் மேலாக முந்திப் பூப்பெய்தியமை காட்டப்பட்டது. ஒரே வெப்பம், ஒரே தீவு, வேறுபட்டது உணவுத்தட்டு. மொன்ரெஸ்கியூவுக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

1970இல் றோஸ் பிரிஷ், றொஜர் றெவெல் ஆகிய இருவரும், சிறுமியின் நிறை ஏறத்தாழ 47 கிலோகிராமை அணுகும்போதே பூப்பு நிகழ்கின்றது என்ற கருதுகோளை முன்வைத்தனர். நிறை ஒன்றே திறவுகோல் அன்று எனப் பின்னர் தெளிவாயிற்று. எனினும் உடலிற் சேமிக்கப்பட்ட கொழுப்பு மூளைக்குச் செய்தி அனுப்புகின்றது என்பது 1994இல் லெப்டின் என்ற ஓமோன் கண்டறியப்பட்டதும் உறுதியாயிற்று. போதிய சேமிப்பு உண்டு என்று தெரியும்வரை உடல் தாய்மைக்கு ஆயத்தமாவதில்லை. வீட்டில் நெல் இருப்பைப் பார்த்தே கலியாணத்துக்கு நாள் வைக்கும் குடியானவனின் விவேகம் இதிலும் உண்டு.

அப்படியாயின் உயரத்தின் கதை யாது? மூளையின் பரிவகக்கீழ் கபச்சுரச் சுரப்பியை ஏவ, அது சூலகத்தை ஏவ, சூலகம் ஈஸ்திரோஜன் என்ற ஓமோனைச் சுரக்கின்றது. நீண்ட என்புகளின் முனைகளிற் கசியிழையத்தாலான வளர்ச்சித் தட்டுக்கள் உள. உயரம் கூடுவது அத்தட்டுக்களிலேயே. ஈஸ்திரோஜன் முதலில் அவ்வளர்ச்சியைத் துரிதப்படுத்துகின்றது. பின்னர் அத்தட்டுக்களை என்பாக்கி மூடிவிடுகின்றது. திறக்கும் கையும் அடைக்கும் கையும் ஒன்றே. இதனை ஐயமற நிறுவியவர் ஒரு பெண் அல்லர் என்பது விந்தை. ஈஸ்திரோஜனை உணரும் தன்மையற்ற பரம்பரையலகுடன் பிறந்த ஓர் ஆடவரின் விபரம் 1994இல் வெளியாயிற்று. இருபத்தெட்டு வயதில் அவரது உயரம் 204 சென்ரிமீற்றர். என்புகளோ பதினைந்து வயதுச் சிறுவனின் என்புகள். வளர்ச்சி அப்போதும் நின்றபாடில்லை. ஆணின் என்பையும் மூடுவது அந்தப் 'பெண்' ஓமோனே என்று அப்போது தெரியவந்தது.

எனவே அம்மம்மாமாரின் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் அது முழுமையான உண்மை அன்று. சிறுமி மிக விரைவாக வளர்வது, ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டுச் சென்ரிமீற்றர் என்ற அளவில், பூப்புக்குச் சுமார் ஓராண்டு முன்னரே. முதல் உதிரம் காணும்போது அவளது உயரத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. அதாவது பூப்பு வளர்ச்சியை நிறுத்துவதில்லை; வளர்ச்சியின் உச்சம் கடந்தபின் வருவதே பூப்பு. அதன் பின்னரும் சராசரியாக ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர் வரை வளர்ச்சி எஞ்சியுள்ளது. இங்கே கவனிக்கவேண்டியது யாதெனின், முந்திப் பூப்பெய்துவோர்க்கு எஞ்சும் வளர்ச்சி அதிகம், பிந்துவோர்க்குக் குறைவு என்பதாகும். பத்து வயதில் பெரியபிள்ளையானவள் பின்னர் வளர்வது, பதினைந்தில் ஆனவள் வளர்வதைவிடக் கூடுதலானது. இயற்கை தன் கணக்கைப் பெருமளவு சரிசெய்து விடுகின்றது; முற்றாகச் சரிசெய்வதில்லை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளிலே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் திரட்டி 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, பூப்பு ஓராண்டு பிந்தினால் முதிர்ந்த உயரம் கூடுவது சராசரியாக ஒரு சென்ரிமீற்றரின் மூன்றில் ஒரு பங்களவே. மூன்று ஆண்டுகள் முந்தினால் இழப்பு ஒரு விரலகலத்துக்கும் குறைவு. இத்துணைச் சிறிய அளவுக்கா எங்கள் வீடுகளில் இத்துணைப் பெரிய பெருமூச்சு?

அந்த ஆய்வே இன்னொன்றையும் காட்டியது. பிந்திப் பிறந்த தலைமுறையினர் முந்திய தலைமுறையினரைவிட இளவயதிற் பூப்பெய்தினர்; அதேவேளை அவர்களைவிட உயர்ந்தும் இருந்தனர். ஒரே தலைமுறையில் இருவரை ஒப்பிட்டால் முந்தியவள் சற்றுக் குட்டை. தலைமுறை தலைமுறையாக ஒப்பிட்டால் முந்திய வயதும் கூடிய உயரமும் கைகோத்துச் செல்கின்றன. இரண்டும் உண்மை. இதனை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்தான் தன் தோட்டத்தைப் பார்த்தாலே போதும். எருவும் இறைப்பும் குறைந்த தரையிற் செடி பிந்திப் பூக்கும், குறுகியும் நிற்கும். நல்ல தரையில் முந்திப் பூக்கும், நெடிதும் வளரும். ஆனால் ஒரே பாத்தியில் இரு செடிகளை நோக்கின், முந்திப் பூத்தது சற்றுத் தாழ்ந்தே நிற்கும். புகையிலைத் தோட்டக்காரர் செடி பூக்குமுன் அதன் முனையை முறித்துவிடுவது, பூவுக்குச் செல்லும் வலு இலைக்குச் செல்லட்டும் என்பதற்காகவே. பெண்ணின் முதிர்ச்சியைப் 'பூப்பு' என்ற சொல்லாற் குறித்த ஒரு வேளாண் சமூகம், பூத்தால் வளர்ச்சி குன்றும் என்ற கருத்தையும் தோட்டத்திலிருந்தே பெற்றிருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் என்ற அளவிலேயே இதனை இங்கு வைக்கின்றேன்.

ஐரோப்பிய ஆய்வுகளில் ஒரு குறை உண்டு. ஐம்பது, அறுபது வயதுப் பெண்களிடம், 'எத்தனை வயதில் நிகழ்ந்தது' என வினவி, அவர்தம் நினைவையே சான்றாகக் கொண்டனர். நம் வீடுகளில் அந்நிலை இல்லை. பிறந்த நேரத்துக்குச் சாதகம் கணிப்பதுபோலவே, பெண் பூப்பெய்திய நேரத்துக்கும் ருது சாதகம் கணிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆண்டு, மாதம், திதி, நட்சத்திரம், நாழிகை ஆகிய அனைத்தும் அதில் உள. பிறப்புச் சாதகத்தையும் ருது சாதகத்தையும் அருகருகே வைத்தால், ஒரு பெண் பூப்பெய்திய வயதை நாட்கணக்கிற் கூறிவிடலாம். சோதிடத்தின் பலன்களில் நம்பிக்கை கொள்வதும் கொள்ளாததும் அவரவர் விருப்பம். பலனை நீக்கிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டால், உலகின் பல சமூகங்களில் எளிதிற் கிடைக்காத ஓர் ஆவணத் தொகுதி நம் வீட்டுப் பெட்டகங்களிற் கிடந்திருக்கின்றது. கிடந்தது என்று இறந்தகாலத்திற் கூறவேண்டியதே துயரம். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவிற் பெயர்ந்தபோது, தலையிற் சுமக்கத்தக்கது எது, விட்டுச்செல்லத்தக்கது எது என ஒவ்வொரு வீட்டாரும் முடிவுசெய்யவேண்டியிருந்தது. காணி உறுதிகள் சுமக்கப்பட்டன. பழஞ் சாதகங்கள் பல விடப்பட்டன. திரும்பி வந்தபோது பெட்டகமும் இல்லை, சில வீடுகளுக்குக் கூரையும் இல்லை.

எங்கள் வீட்டில் இரு தலைமுறையின் சாதகங்கள் தப்பின. காணி உறுதியுடன் ஒரே துணியிற் சுற்றப்பட்டிருந்தமையே காரணம். அம்மம்மா 1949இன் பிற்பகுதியிற் பிறந்தவர். 1964ஆம் ஆண்டு மார்கழிப் புயல் அடித்த கிழமையிற் பெரியபிள்ளையானார். பதினைந்து வயது கடந்திருந்தது. அம்மா 1976இற் பிறந்தவர். 1990இன் கடைசியில், பதினான்கு வயதில். தங்கை 2012இற் பிறந்தவள். 2022இல், பத்து வயதும் ஐந்து மாதமுமாகையில். மூவரைக் கொண்டு ஒரு குடாநாட்டின் வரலாற்றை எழுத முடியாது. ஆயினும் இம்மூன்று தேதிகளுக்கும் பின்னால் நிற்கும் வரலாறு எழுதத்தக்கதே. 1942 முதல் வழங்கப்பட்ட பங்கீட்டரிசியும், நாற்பதுகளின் பின்னர் மலேரியா தணிந்தமையும் அம்மம்மாவின் தலைமுறைக்கு உயிர் தந்தன. ஆனாற் பாலும் முட்டையும் அக்குடும்பங்களுக்கு நாளாந்த உணவாகவில்லை. 1970க்கும் 1977க்கும் இடையில் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி தடுக்கப்பட்டபோது யாழ்ப்பாணத் தோட்டக்காரர் கையிற் காசு புரண்டது; கல்வீடுகள் எழுந்தன. அக்காலத்திற் பிறந்த அம்மாவின் தொட்டிற் பருவம் செழிப்பானது. ஆனால் அவர் பருவமடைந்த வேளை 1990இல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின் தொடக்கம். மண்ணெண்ணெய்யும் பசளையும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட காலம் அது. போர் பூப்பைப் பிற்படுத்தும் என்பதற்குப் பொஸ்னியாவின் சிறெபிறெனிற்சா நகரச் சிறுமியரை ஆராய்ந்தோர் சான்று தந்துள்ளனர். பசியும் அச்சமும் உடலின் நாட்காட்டியைத் தள்ளிவைக்கின்றன. அவ்வகையில் தங்கையின் முந்திய வயது, 2009இன் பின் பிறந்தமையின் அடையாளம் எனவும் கொள்ளலாம். ஆனால் ஓட்டமும் ஆட்டமும் குறைந்து, இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் மலிந்து, நிறை மட்டும் கூடுவதாலும் வயது இறங்குகின்றது என்பதை மறந்துவிடலாகாது. செழிப்பின் அடையாளம் யாவும் சுகத்தின் அடையாளம் அல்ல.

ஒரு விதிவிலக்கை வெளிப்படையாகக் கூறவேண்டும். எட்டு வயதுக்கு முன்னரே மார்பு வளர்ச்சி தொடங்குமாயின் அது வேறு கதை. அங்கே என்புத் தட்டுக்கள் மிக முந்தி மூடி, முதிர்ந்த உயரம் உண்மையிலேயே வெகுவாகக் குன்றக்கூடும். சில வேளைகளில் மூளையிலோ சூலகத்திலோ உள்ள நோயின் அறிகுறியாகவும் அது அமையும். 1981 முதல் அதனைத் தடுத்துநிறுத்தும் ஊசிமருந்து உண்டு. அத்தகைய சிறுமியைக் காட்டவேண்டிய இடம் மருத்துவமனை, சோதிடர் வீடன்று. பத்து வயதிற் பெரியபிள்ளையான சிறுமிக்கு அம்மருந்து தேவையுமில்லை, அதனால் உயரத்தில் எய்தும் பயன் பெரிதுமில்லை. இவ்விரு நிலைகளையும் வேறுபடுத்தி அறியாமையால், ஒரு வீட்டில் வீண் அச்சமும் மறுவீட்டில் வீண் அலட்சியமும் நிகழ்கின்றன.

எங்கள் வீட்டில் நிகழ்ந்தது முன்னையது. பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், உழுத்தம்மாக் களியும், சரக்குக் கறியும் வழக்கம்போல் நடந்தன. அவற்றிற் குறைகாண நான் முற்படேன். புரதமும் கொழுப்பும் வேண்டிய பருவத்தில் அவற்றைச் சடங்கின் பெயரால் ஊட்டிய மரபு அறிவுடையதே. வறிய வீட்டிலும் அந்த முப்பத்தொரு நாளேனும் பெண்பிள்ளையின் தட்டில் முட்டை விழுந்தது. ஆனால் பெருந்தொற்றின் பின் அப்போதுதான் பள்ளிகள் ஒழுங்காக நடக்கத் தொடங்கியிருந்தன. தங்கை ஒரு மாதம் வகுப்பை இழந்தாள். திரும்பிச் சென்றபோது வலைப்பந்தாட்டக் குழுவிலிருந்த அவளது இடம் போய்விட்டது. "இனி இவள் உயரமாட்டாள், ஆட விட்டு என்ன பயன்" என்று வீட்டிலுள்ளோரும் சொன்னமையால், அதனைக் கேட்டுப் பெறவும் எவரும் முன்வரவில்லை. அந்நாளில் அவள் வகுப்பிலேயே யாவரினும் உயர்ந்தவள் என்பதை எவரும் நோக்கவில்லை. முந்திப் பூப்பெய்துவோர் அவ்வயதில் ஏனையோரினும் உயர்ந்திருப்பர். பின்வருவோர் பின்னர் எட்டிப்பிடிப்பர். இந்த எட்டிப்பிடித்தலையே, முந்தியவள் குன்றிவிட்டாள் என ஊர்க்கண் காண்கின்றது.

சடங்குக்கு முதல்நாள், அம்மம்மா அவளைக் குசினிக் கதவு நிலையோடு சாய்த்து நிறுத்தி, கரித்துண்டால் ஒரு கோடு கீறினார். "இதுதான் பிள்ளை உன்ர கடைசி உயரம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அளந்து பார்த்தேன், 146 சென்ரிமீற்றர். அம்மம்மாவின் உயரமும் ஏறத்தாழ அதுவே. முதுமையிற் சில சென்ரிமீற்றர் குறைந்திருப்பார் என்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும். சென்ற தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, அந்தக் கோட்டை அழிக்கவேண்டாம் என்று தங்கை தடுத்துவிட்டாள். அதன் மேலே அவளே மூன்று கோடுகள் கீறியிருக்கின்றாள். கடைசிக் கோடு 155இல் இருக்கின்றது. அம்மாவின் உயரத்துக்கு மேலே இரண்டு விரல்.